கல்லும் கைத்திறனும்

கல்லைக் கல்லால் அடித்துக் கருவி செய்வது ஒரு பெரிய வித்தையா என்று நேயர்கள் கேட்கலாம். ஒரு முறை அடித்துப் பார்த்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். பலங்கொண்ட மட்டும் அடித்தால் கல் நொறுங்கிப் போகிறது. அல்லது கல் அப்படியே கிடக்க, கை மாத்திரம் மரத்துப் போகிறது!

இவ்வித்தையைத் தேடி நாம் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. 1863-ம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி, பூகர்ப்ப இலாகாவைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் பூட் என்பவர் பல்லாவரத்தில் ஆதி மனிதன் செதுக்கிய கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே வருஷத்தில் அவரும் வில்லியம் கிங் என்பவரும் திருவள்ளூருக்கு அப்பாலுள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கண்டனர். அவ்வூர்க் கருவிகளுள் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று ஸ்ரீமதி சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் 2011-ல் வெளியிட்டனர்.

ஆதி மனிதர் இங்கே கையாண்டது பெரும்பாலும் குவார்ட்சைட் என்னும் கடினமான கல். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அது எளிதில் இணங்காது. தடித்த கண்ணாடிப் புட்டியின் அடிப்பாகம் முதற் பாடத்துக்குப் போதும். சக்கிமுக்கிக் கல் உடையும் விதமாகவே கண்ணாடியும் உடைகிறது. உருண்டையான சிறு கூழாங்கல்லே சுத்தி. அடிக்க வேண்டிய இடம் நடுவன்று, விளிம்பின் ஓரம். அவ்விளிம்பின் கோணம் செங்கோணத்துக்குக் குறைந்திருத்தல் அவசியம். மெல்லிய விளிம்பைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்து உறுதி செய்துகொண்டு, சற்றுச் சாய்வாக அடித்தால் கீழ்ப்புறத்தில் ஒரு செதில் பெயர்ந்து விழும். அது விட்டுச் சென்ற தழும்பைப் பார்த்து அடுத்த அடியை நிச்சயிக்க வேண்டும். பலத்தைவிட முன்யோசனையே இங்குப் பெரிது.

கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும், கைக்குத் தோலுறையும், தொடைமேல் தடித்த தோலும் இன்றி இவ்வேலையைத் தொடலாகாது. குழந்தைகளை எட்டவே நிறுத்த வேண்டும். திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி அமர்க. இங்கிலாந்தில் பிராண்டன் என்னும் ஊரில் துப்பாக்கிகளுக்குச் சக்கிமுக்கிக் கல் செதுக்கிப் பிழைத்த தொழிலாளர் பலர், அத்தூளைச் சுவாசித்தே நுரையீரல் நோயுற்று அகாலத்தில் மாண்டனர்.

நாலைந்து நாள் பழகிய பின், மேனாம்பேட்டு அன்பர்கள் அம்பத்தூரில் இரயிலேறித் திருவள்ளூரில் இறங்கி, பூண்டியிலுள்ள தொல்பொருட் காட்சிச்சாலைக்குச் சென்று வரட்டும். முன்பு வெறுங் கல்லாகத் தோன்றியதில், இருபுறமும் ஒத்து விழுந்த அடிகள் ஒவ்வொன்றும் அப்போது கண்ணுக்குத் தெரியும்.

இன்னும் ஒன்று. ஆற்றங்கரையிலோ, வீடு கட்டத் தோண்டிய மண்ணிலோ செதுக்கிய கல் தென்பட்டால் அதை எடுத்து வருதல் கூடாது. அதன்மேல் நம் கைவரிசையைக் காட்டவும் கூடாது. கிடந்த மண்ணும் ஆழமுமே அதன் வயதுக்குச் சாட்சி. இடம் பெயர்த்தால் அச்சாட்சி அழிந்துபோகும். படம் பிடித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பதே முறை. நாம் உடைத்த சில்லுகளையும் அங்கே சிதற விடாமல் பொறுக்கி அப்புறப்படுத்த வேண்டும். எழுத்துத் தோன்றாத காலத்துக்கு இந்நாட்டில் எஞ்சியுள்ள ஏடுகள் இக்கற்களே. அவற்றில் இடைச்செருகல் செய்யும் பாவம் நமக்கு வேண்டாம்.