சிவகாசி: வெடிச் சத்தத்துக்கு அப்பால்

1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். மழை பொய்க்கும் பூமி பிழைத்தது. காய்ந்த காற்று தீக்குச்சிக்கும் பட்டாசுக்கும் தோதானது. பெட்டிக்கு லேபிள் தேவைப்பட, அச்சகங்கள் பெருகின.

இந்த அச்சகங்களிலிருந்து ஆடிப்பெருக்கன்றே அடுத்த ஆண்டு காலண்டர் ஆல்பம் வெளியாகிவிடும். முருகனும் லட்சுமியும் பளபளக்கும் அட்டைகளைப் புரட்டி வியாபாரிகள் ஆர்டர் கொடுப்பார்கள்.

2021இல் மாநகராட்சியான இந்த ஊருக்குத் தீராத வடு ஒன்று உண்டு. 2012இல் அருகிலுள்ள முதலிப்பட்டியின் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்து 30க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. விபத்துகள் இன்னும் ஓயவில்லை.

நிவாரணத் தொகை மட்டும் போதாது. அறைக்குள் அளவுக்கு மீறிய ஆட்கள், மரத்தடியில் வெடிமருந்து செலுத்துவது, உள்குத்தகை ஆகியவற்றைத் தீபாவளி நெருக்கடியின்போதுதான் அதிகாரிகள் கறாராகச் சோதிக்க வேண்டும்.