நடைபாதையைப் பார்க்கவா விமானம் ஏறினீர்கள்?

கலிஃபோர்னியாவில் பிள்ளையோ பெண்ணோ இருக்கிற அப்பா அம்மாக்களுக்கு ஒரு சனிக்கிழமை ஹாலிவுட் நிச்சயம். காலையில் யுனிவர்சல் ஸ்டூடியோ. மத்தியானம் நடைபாதையில் பதித்த நட்சத்திரங்கள். சாயங்காலம் மலை மேல் தெரிகிற 'ஹாலிவுட்' எழுத்துகள் பின்னால் இருக்க ஒரு குடும்ப போட்டோ. ஊர் திரும்பியதும், 'ஹாலிவுட்டே பார்த்துட்டு வந்துட்டோம்' என்று அக்கம்பக்கத்துக்கு ஓர் அறிவிப்பு.

சும்மா பொழுதுபோக்காகப் போகிறவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தைகளோடு போய் ராட்டினம் சுற்றட்டும். என் சண்டை உங்களோடுதான். ஆமாம், சாப்ளின் என்றால் உயிர், லாரல் - ஹார்டி ஓடினால் சோறு வேண்டாம், 'பென்ஹர்' எத்தனை தடவை பார்த்திருக்கேன் தெரியுமா என்று மார்தட்டுகிற பழைய பட ரசிகரே, உங்களோடுதான்! நீங்களுமா அந்த வேனில் ஏறுவது?

நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் 'இதுல யாருக்கு என்ன லாபம்?' என்று கேட்கிற புத்தி இன்னும் போகவில்லை. அந்தப் புத்தியோடு கொஞ்சம் பாருங்கள்.

மலை மேல் இருக்கிற அந்த எழுத்துகளை சினிமாவுக்காக யாரும் வைக்கவில்லை. 1923-ல் ரியல் எஸ்டேட்காரர்கள் மனை விற்க வைத்த விளம்பரம் அது. 'ஹாலிவுட்லேண்ட்' என்பது அந்த லே-அவுட்டின் பெயர். ஒன்றரை வருஷம் நின்றால் போதும் என்பதுதான் திட்டம். 1949-ல் 'லேண்ட்' போனது. மிச்சமும் துருப்பிடித்து உளுத்துப்போக, 1978-ல் ஒன்பது எழுத்துக்கு ஒன்பது புரவலர்கள், ஆளுக்கு 27 ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்துப் புதிதாக நிறுத்தினார்கள். நம்மூர் பாஷையில் சொன்னால், 'பஸ் ஸ்டாண்டுக்கு மிக அருகில்' என்கிற போர்டு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

சரி, நடைபாதை நட்சத்திரம்? அதை நடத்துவது ஏதோ கலைக்கழகம் என்று நினைத்தீர்களா? ஹாலிவுட் சேம்பர் ஆஃப் காமர்ஸ். வர்த்தக சங்கம் சார்! ஒருவர் பெயரை யாராவது சிபாரிசு செய்ய வேண்டும். கமிட்டி தலையாட்ட வேண்டும். அப்புறம் சிபாரிசு செய்தவர் பணம் கட்ட வேண்டும். 75 ஆயிரம் டாலருக்குக் குறையாது. நம் கணக்கில் அறுபது லட்சத்தைத் தாண்டும். பெரும்பாலும் கட்டுவது படக் கம்பெனிதான். புதுப்படம் ரிலீஸாகிற நேரமாகப் பார்த்து விழா வைத்தால் விளம்பரச் செலவில் கழித்துவிடலாமே. சங்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். வியாபாரிகள் வியாபாரம் செய்கிறார்கள். அதைக் கோயில் பிராகாரம் மாதிரி சுற்றி வருகிற உங்களைத்தான் சொல்கிறேன்.

அந்த நடைபாதை 1960-ல் தயாரானபோது ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான பெயர்களைப் பதித்தார்கள். விட்டுப்போன பெயர் எது தெரியுமா? சார்லி சாப்ளின்! கம்யூனிஸ்ட் ஆதரவாளர் என்று அவர் மேல் சந்தேகம். 1952-ல் லண்டனுக்குக் கப்பலேறினார். பயணத்தில் இருக்கும்போதே, திரும்பி வரும் அனுமதியை அமெரிக்க அரசு ரத்து செய்துவிட்டது. கௌரவ ஆஸ்கர் வாங்க அவர் திரும்பி வந்தது 1972-ல், வயது 83-ஐத் தொடும்போது. நட்சத்திரமும் அந்த வருஷம்தான் கிடைத்தது. சாப்ளினுக்கு இடம் தர பன்னிரண்டு வருஷம் யோசித்த நடைபாதையில் நீங்கள் அவரைத் தேடுகிறீர்கள்.

பேரைக் கல்லில் பதித்தார்களே, படத்தைப் பத்திரமாக வைத்தார்களா? 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளியான முழுநீள மௌனப் படங்கள் சுமார் 11 ஆயிரம். அதில் 70 சதவிகிதம் சுத்தமாகக் காணோம் என்று 2013-ல் அவர்களுடைய லைப்ரரி ஆஃப் காங்கிரஸே கணக்கு சொல்லிவிட்டது. அந்தக் கால நைட்ரேட் ஃபிலிம் பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்ளும். தீயில் போனது கொஞ்சம், மக்கிப்போனது கொஞ்சம். பேசும் படம் வந்த பிறகு ஊமைப் படத்துக்கு என்ன மதிப்பு, குடோன் வாடகை யார் கொடுப்பது என்று கம்பெனிகளே அழித்ததும் உண்டு. ஃபிலிமில் இருக்கிற வெள்ளியை எடுத்து விற்றார்கள். இதுவும் வரவு-செலவுதான், என்ன செய்ய?

கிரிஃபித்தின் 'இன்டாலரன்ஸ்' படத்துக்காக 1916-க்கு முன்னால் பிரம்மாண்டமான பாபிலோன் செட் போட்டார்கள். தூண் மேல் யானைகள். படம் கையைக் கடித்தது. சில வருஷத்தில் செட்டை இடித்தாயிற்று. 2001-ல் ஒரு ஷாப்பிங் மால் கட்டியவர்கள் அதே யானைகளைப் பொய்யாகச் செய்து நிறுத்தினார்கள். இருபது வருஷம் கழித்து மாலைப் புதுப்பித்தபோது பொய் யானையையும் இறக்கிவிட்டார்கள்! அந்த மாலோடு சேர்ந்த ஆஸ்கர் அரங்கத்துக்கு முதலில் கோடாக் தியேட்டர் என்று பெயர். ஃபிலிம் விற்ற கோடாக் கம்பெனி 2012-ல் திவால் மனு கொடுத்ததும் அதுவும் போய் இப்போது டால்பி.

'எல்லாத்தையும் இடிச்சாச்சுன்னா அங்க போய் எதைத்தான் பார்க்கிறது?' என்று கேட்பீர்கள். இருக்கிறது சார். வேன்காரர் நிறுத்துகிற இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

லா பிரியா அவென்யூவுக்குப் போங்கள். இங்கிலாந்துக் கிராமத்து வீடுகள் மாதிரி வரிசையாகச் சில கட்டடங்கள். சாப்ளின் 1917-ல் கட்ட ஆரம்பித்த ஸ்டூடியோ. 'தி கிட்', 'மாடர்ன் டைம்ஸ்' எல்லாம் இங்கேதான். 'சிட்டி லைட்ஸ்' கூட! அதைத்தான் நம் ஜெமினி 'ராஜி என் கண்மணி'யாக 1954-ல் எடுத்தது. ஊருக்குள் வர முடியாது என்று ஆன பிறகு 1953-ல் சாப்ளின் இதை விற்றுவிட்டார். அப்புறம் பாட்டுக் கம்பெனி, பொம்மலாட்டக் கம்பெனி என்று கை மாறியது. 1969-ல் நகராட்சி இதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. உள்ளே விடமாட்டார்கள். பரவாயில்லை, வாசலில் நில்லுங்கள். மலை மேல் இருக்கிற போர்டுக்கு மட்டும் உள்ளே போய்விட்டா வந்தீர்கள்?

அப்புறம் ஈஜிப்ஷியன் தியேட்டர். 1922-ல் திறந்தது. 2020-ல் நெட்ஃப்ளிக்ஸ் வாங்கிப் பழுது பார்த்து 2023-ல் மறுபடி திறந்தார்கள். பற்றிக்கொள்ளும் என்றேனே, அந்த நைட்ரேட் ஃபிலிமையே பாதுகாப்பாக ஓட்டக்கூடிய வெகுசில தியேட்டர்களில் இதுவும் ஒன்று. பழைய படங்கள் இன்னும் போடுகிறார்கள். எங்கே இருக்கிறது என்கிறீர்களா? நீங்கள் குனிந்து நட்சத்திரம் எண்ணிக்கொண்டே நடந்தீர்களே, அதே தெருவில்! நிமிர்ந்து பார்த்திருந்தால் வாசல் தெரிந்திருக்கும். உங்கள் பயணத் தேதியில் என்ன படம் என்று கேட்டு, டிக்கெட் எடுத்துத் தரும்படி பிள்ளையிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

கடைசியாக சில்வர் லேக். வெண்டோம் ஸ்ட்ரீட்டில் வீடுகளுக்கு நடுவே செங்குத்தாக 133 படிகள். டிக்கெட் கிடையாது, கைடு கிடையாது. 1932-ல் வந்த 'தி மியூசிக் பாக்ஸ்' படத்தில் லாரலும் ஹார்டியும் ஒரு பியானோவைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு ஏறுவார்களே, அந்தப் படிகள்தான். குறும்படங்களுக்கான ஆஸ்கரை வாங்கிய படம். மூட்டுவலி இருந்தால் கீழேயே நின்று பாருங்கள். அவர்கள் விழுந்து எழுந்து, உருண்டு புரண்டு ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்ததும், ஒரு தபால்காரர் வந்து, 'எதுக்குப்பா படியில ஏறுனீங்க? அந்தப் பக்கம் ரோடு இருக்கே' என்கிற மாதிரி சொல்வார். இரண்டு பேரும் பியானோவை மறுபடி கீழே இறக்கிக் கொண்டுபோவார்கள், ரோடு வழியாக வருவதற்கு!