ஆவாரைக்கு எதற்குத் 'தே'?

ஆவாரம்பூவை உலர்த்திப் பையில் அடைத்து 'ஆவாரம்பூ டீ' என்று விற்கின்றனர் வணிகர். தமிழ்ப்பற்றுடையார் சிலர் அதனை 'ஆவாரம்பூத் தேநீர்' எனத் திருத்திக்கொண்டு, தம் கடமை முடிந்ததென அமைகின்றனர். முடியவில்லை. 'தே' என்பது சீனக் கடற்கரை வழக்கு. தேயிலைச் செடிக்குரிய பெயர். தேயிலையில் ஓர் இணுக்கும் கலவாத நீருக்கு அப்பெயர் எங்ஙனம் பொருந்தும்?

தமிழில் வேறு பெயர் இல்லையெனின் பொறுக்கலாம். உண்டு. மூலிகையை நீரிலிட்டுச் சுண்டக் காய்ச்சி இறுத்ததைத் தமிழ மருத்துவர் குடிநீர் என்றனர். இடையில் 'கஷாயம்' என்னும் வடசொல் வீட்டு வழக்கில் ஏறி உட்கார்ந்தது. குடிநீரோ குழாயில் வரும் நீருக்குப் பெயராயிற்று. ஆயினும் சொல் சாகவில்லை. 2012-இல் தெங்குக் காய்ச்சல் பரவியபோது தமிழக அரசு நிலவேம்புக் குடிநீர் வழங்கிற்று. 2020-இல் மகுடத் தொற்றின்போது கபசுரக் குடிநீர் வழங்கப்பட்டது. நிலவேம்பு டீ என்று எவரும் கேட்டு வாங்கவில்லை. பெயரைச் சொல்லிக் கொடுத்தால் மக்கள் பிடித்துக்கொள்கின்றனர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

பெயரில் என்ன இருக்கிறது என்பார்க்கு ஒன்று. தேநீர், கொதிநீரில் இலையைச் சிறிது பொழுது ஊறவைத்து வடிப்பது. குடிநீரோ, நான்கில் ஒன்றாகவோ எட்டில் ஒன்றாகவோ வற்றும்வரை காய்ச்சுவது. டீ என்று வாங்கியவன் பையை இருமுறை நீரில் தோய்த்துக் குடிக்கின்றான். சொல் மாறியதும் செய்முறையும் மாறிவிட்டது.

இன்னும் ஒரு குறும்பு உண்டு. நீரிழிவுக்குத் தமிழ மருத்துவம் சொல்லும் ஆவாரைக் குடிநீரில் ஆவாரை மட்டும் இல்லை. கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோட்டம், மருதம்பட்டை ஆகியனவும் உடன் சேரும். ஏழு பொருளால் வந்த புகழை ஒற்றைப் பூவின் பைமேல் அச்சிட்டு விற்பது வணிகமே அன்றி மருத்துவம் அன்று. அதனை நம்பி மருத்துவர் தந்த மருந்தை நிறுத்துவார் உளராயின், அவர்க்கு நேரும் கேட்டிற்கு ஆவாரை பொறுப்பன்று.

ஆவாரை நேற்று வந்த செடியா? குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் பூக்களுள் ஆவிரையும் ஒன்று. காதல் கைகூடாது மடலேறத் துணிந்தவன் எருக்கோடும் பூளையோடும் சூடியது இதனையே. பட்டை தோல் பதனிடுவார்க்கு. பூவும் இலையும் உடம்புக்கு. நிழலில் உலர்த்திய பூவைச் சுக்குடன் காய்ச்சிப் பனங்கருப்பட்டி கடித்துக் குடித்தல் எளியோர் வழக்கம். வானம் பொய்த்த கரம்பிலும் சாலையோரத்திலும் மஞ்சளாய்ப் பூத்து நிற்பதாகலின் அதற்கு விலையில்லை. விலையில்லாததனால் மதிப்பும் இல்லை போலும்.

இலங்கையின் வறண்ட பகுதிகளில் இதே செடியைச் சிங்களவர் இரணவரா என்பர். அதன் பூநீரைக் கருப்பட்டியுடன் விருந்தினர்க்கு ஈவர். அவர்கள் தம் பெயரை விட்டாரல்லர். ஆங்கிலத்தில் எழுதினோரே அதனை 'மாத்தறைத் தேயிலை' எனக் குறித்தனர். தேயிலை பயிரிட்டு விற்றவர்க்கு நீரில் காயும் இலையெல்லாம் தேயிலையாகத் தோன்றியதில் வியப்பில்லை. கொங்குநாட்டில் பொங்கலையொட்டி ஆவாரங்கொத்தை வேப்பிலை, பூளைப்பூவுடன் சேர்த்துக் காப்புக் கட்டுகின்ற தமிழன் அதனை 'டீ' என்பதற்கு என்ன காரணம் சொல்வான்?