ஈதர் டப்பா தீர்வல்ல

கனடாவின் சஸ்காட்செவன் சமவெளியில், குளிர்கால இரவுகளில் டிராக்டர் எஞ்சினை மின்சூடேற்றியில் மாட்டிவைப்பது வீண்செலவு, காலையில் எளிதில் தீப்பற்றும் ஈதரை எஞ்சினுக்குள் தெளித்தால் போதும் என்று சிலர் வாதிடுகிறார்கள். செலவைப் பற்றிய கவலை நியாயமானது. சொல்லும் தீர்வுதான் தவறு.

டீசல் எஞ்சினில் தீப்பொறிக்கு வேலையில்லை. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில்தான் எரிபொருள் பற்றுகிறது. மைனஸ் 30 டிகிரியில் குளிர்ந்து கிடக்கும் இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். எண்ணெய் கெட்டிப்பட்டு எஞ்சின் சுழலத் திணறும். பேட்டரியின் வலுவும் பாதிக்குக் கீழே இறங்கியிருக்கும். ஈதர் இவற்றில் எதைச் சரிசெய்கிறது? எண்ணெய் ஏறாத பாகங்களை உரசவிட்டு எஞ்சினை ஓடவைக்கிறது, அவ்வளவே. அளவு மீறினால் பிஸ்டன் வளையங்கள் உடையும். உள்ளே சூடேற்றும் குளோ பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் வெடித்து ஆளுக்கே ஆபத்தாகலாம்.

இரவெல்லாம் எஞ்சினை ஓடவிடுவதும் மாற்று வழியல்ல. சரியாக எரியாத டீசல் எண்ணெயில் கலந்து அதைக் கெடுக்கும்.

மின்செலவைக் குறைக்க எளிய வழி இருக்கிறது. 1,000 வாட் சூடேற்றி 12 மணி நேரம் ஓடினால் 12 யூனிட் ஆகும். டைமர் பொருத்தி, கிளம்புவதற்கு 4 மணி நேரம் முன்பு மட்டும் ஓடவிட்டால் 4 யூனிட்தான். கூடவே, ஊற்றும் டீசலும் குளிர்காலத்துக்கென்று தயாரித்ததாக இருக்கட்டும். சூடேற்றி எஞ்சினைத்தான் காக்கும், தொட்டியில் உறையும் டீசலை அல்ல.

சிக்கனம் வேண்டுமானால் டைமர் வாங்குங்கள். சூடேற்றியைக் கழற்றாதீர்கள்.