தில்லியின் காற்றும் பருவத்தின் மீது சுமத்தப்படும் பழியும்

ஐப்பசி பிறந்து தீபாவளியும் கழிந்துவிட்டால், தில்லி மாநகரில் நண்பகல் ஞாயிறும் ஒளி மங்கிச் செப்புத் தட்டுப் போலத் தோன்றத் தொடங்குகிறது. அண்மைக் காலமாக இந்நாட்களுக்கு ஆங்கில ஏடுகள் 'மாசுப் பருவம்' என்றே பெயரிட்டு எழுதுகின்றன. இத்தொடரைத் தமிழாக்க நேரும்போதெல்லாம் என் பேனா தயங்குகிறது. கார் முதல் முதுவேனில் ஈறாக நம் முன்னோர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளும் இயற்கையின் போக்கினால் அமைந்தவை. ஏழாவதாக இதனையும் சேர்த்துவிட்டால், இதுவும் இயற்கையின் ஏற்பாடே என்ற எண்ணம் படிப்போர் உள்ளத்தில் வேரூன்றிவிடும்.

பருவத்திற்கு இதில் பங்கில்லை என்பது என் கருத்தன்று. தில்லி கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 216 மீட்டர் உயரத்தில், கடற்கரையினின்று பல நூறு கிலோமீட்டர் உள்ளடங்கிய சமவெளியில், யமுனைக் கரையில் அமைந்த நகரம். வடக்கே இமயம், தென்மேற்கே தார்ப் பாலைவனம். மும்பையில் கடற்காற்று செய்யும் துப்புரவுப் பணி இங்கே கிடையாது. கோடையில் நிலம் காய்வதால் காற்று மேலெழுந்து, பிற்பகலில் இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரம் வரை கலக்கிறது. (அப்பொழுது பாலைப் புழுதி வந்து சேருவது வேறொரு தொல்லை.) பின்னர் மழை வந்து கழுவிவிடுகிறது. குளிர்காலத்திலோ, தெளிந்த இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை விரைவில் இழக்க, அதனை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடுகிறது. மேலே செல்லச் செல்ல உஷ்ணம் குறைவதே வழக்கம். அந்நிலையில் அது கூடுகிறது. இதனையே வெப்பத் தலைகீழ் நிலை என்பர். மேலுள்ள வெப்பக் காற்று மூடியாக அமைய, கீழே எழும் புகை கீழேயே தங்குகிறது.

காற்றுக் கலக்கும் உயரத்தையும் அதன் வேகத்தையும் பெருக்கி வரும் எண்ணைக் காற்றோட்டக் குறியீடு என்று கூறலாம். உதாரணமாக, உயரம் 2,000 மீட்டர், வேகம் விநாடிக்கு 4 மீட்டர் எனில் பெருக்குத்தொகை 8,000. உயரம் 500 மீட்டராகவும் வேகம் 2 மீட்டராகவும் குறைந்தால் அது 1,000 மட்டுமே. அடுப்புகளும் வண்டிகளும் ஆலைகளும் முன்போலவே இருக்க, புகை கரைவதற்குரிய வசதி எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. தில்லிக்கான முன்னறிவிப்புகளில், இவ்வெண் 6,000-க்குக் குறைந்து, காற்றின் வேகமும் மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் கீழிருந்தால், மாசு கலைவதற்கு ஏலாத நிலை எனக் கொள்கின்றனர்.

மனிதர் வகுக்கும் கால அட்டவணையும் இதில் குறுக்கிடுவதுண்டு. நிலத்தடி நீரைக் காக்கும் பொருட்டுப் பஞ்சாபும் ஹரியானாவும் 2009-இல் சட்டமியற்றி, நெல் நடவைப் பருவமழையை ஒட்டித் தள்ளி வைத்தன. நோக்கம் மிக நல்லதே. ஆயினும் அறுவடையும் உடன் தள்ளிப்போயிற்று. கோதுமை விதைப்பிற்கு முன் கிடைக்கும் அவகாசம் சுருங்கிற்று. வயலில் தாளை எரிக்கும் நாட்கள், காற்று அடங்கும் நவம்பர்த் தொடக்கத்தை நெருங்கின. பருவம் அங்கேயேதான் இருந்தது. தீ வைக்கும் நாளே இடம் பெயர்ந்தது.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் நகரை இதே தலைகீழ் நிலை மூடியது. நிலக்கரிப் புகையினால் சுமார் 4,000 பேர் மாண்டனர் என்று அக்காலத்தில் கணக்கிட்டனர். பிற்கால ஆய்வு அத்தொகையை 12,000 வரை உயர்த்தியது. 1956-இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. தேம்ஸ் பள்ளத்தாக்கு அப்படியே இருக்க, கரி அடுப்புகள் குறைந்தன, காற்றும் தெளிந்தது. லண்டனுக்கு அட்லாண்டிக் காற்றின் துணை உண்டு, தில்லிக்கு அது இல்லையே என்று சிலர் மறுப்பர். மெய்தான். துணையில்லாத நகரம் மற்ற நகரங்களைவிடக் குறைவாகவே புகையை வெளியிட வேண்டும் என்பதன்றோ அதிலிருந்து பெறப்படும் முடிவு? பூகோளத்தைச் சாக்காகக் காட்டுவோர் இம்முடிவை மட்டும் எழுதாது விட்டுவிடுகின்றனர்.

ஆகஸ்டில் காற்றுத் தரக் குறியீட்டெண் தாழ்ந்ததும் நடவடிக்கைகள் பலித்தன என்பதும், நவம்பரில் உயர்ந்ததும் வானிலையைக் குறை கூறுவதும் அறிக்கைகளில் மலிந்துவிட்டன. ஜனவரியை ஜனவரியுடனேயே ஒப்பிட வேண்டும். அதிலும் காற்றோட்டம் ஒத்த நாட்களைத் தேர்ந்து ஒப்பிடுதல் நலம். களப் பணியாளர் தம் குறிப்பேட்டில் மாசின் அளவோடு காற்றின் திசை, வேகம், இரவின் குறைந்த உஷ்ணம் ஆகியவற்றையும் பதிந்து வரவேண்டும். தினந்தோறும் குறியீட்டெண்ணை வெளியிடும் ஏடுகள் அதனருகே காற்றோட்டக் குறியீட்டையும் அச்சிடுவதில் பெருஞ்செலவு எதுவும் இல்லை.

பள்ளிகளில் இதற்குக் கருவிகள்கூட வேண்டுவதில்லை. அருகிலுள்ள செங்கற் சூளையின் புகை காலை ஏழு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் எவ்வாறு செல்கிறது என்பதை மாணவர்கள் மாதம் ஒருமுறை வரைந்து வைத்தால், தை மாதக் காலையில் படுக்கையாகப் பரவும் புகையும் சித்திரைப் பிற்பகலில் எழுந்து கலையும் புகையும் ஒரே சூளையிலிருந்து வருவதை அவர்களே காண்பர்.