பேரை மாத்தினவங்களே வழியும் வைக்கணும்

சித்தூர்ல இருக்கிற அம்மாவுக்கு நான் துபாய்லேர்ந்து மாசா மாசம் பணம் அனுப்புறது ரெண்டே சொடுக்குல. 'அம்மா'ன்னு விவரத்தைச் சேமிச்சு வச்சிருக்கேன். தொகையைப் போட்டா போதும். 2021ல ஒரு தடவை அனுப்பின பணம் திரும்பி வந்துடுச்சு. வங்கி இணைப்புல கிளையோட ஐஎஃப்எஸ்சி எண் மாறியிருக்கு, நான் மாத்தலை. வங்கி அதிகாரிக்கே இந்த கதி! அதுக்குள்ள அம்மா மருந்துக்கடையில கடன் சொல்லிட்டாங்க.

திருப்பதியில சாஃப்ட்வேர் வேலை பார்க்கிற அக்கா பையன்கிட்ட புலம்பினேன். "எங்க கிட்லயும் இதே கதைதான் மாமா"ன்னான். அங்கேயும் கிளைதான். முதன்மைக் கிளைக்கு ரொம்ப நாளா 'மாஸ்டர்'னு பேரு. 2020 அக்டோபர் 1லேர்ந்து கிட்ஹப் புது ப்ராஜெக்ட்டுக்கெல்லாம் 'மெயின்'னு வச்சுது. 'மாஸ்டர்'னு எழுதி வச்ச ஷார்ட்கட் எல்லாம் அங்க முழிச்சுது. இவன், "முதன்மைக் கிளை எது?"ன்னு கிட்டையே கேட்டுக்கிற மாதிரி ஷார்ட்கட்டைத் திருத்திட்டான்.

கெட்டிக்காரன்தான். ஆனா எல்லாரும் கெட்டிக்காரனா இருக்கணும்னு என்ன சட்டம்? கிட்ஹப்பே, பழைய கிளைக்குப் பேர் மாத்தினா, பழைய சுட்டியைத் தட்டினவங்களைப் புதுசுக்குக் கூட்டிட்டுப் போகுது. அதுதான் மரியாதை.

நம்ம ஊர்ல? 2020 ஏப்ரல் 1ல சிண்டிகேட் வங்கி கனராவோட சேர்ந்துது. பழைய கிளை எண்ணோட பத்தாயிரத்தைக் கூட்டி, எஸ்ஒய்என்பிக்குப் பதிலா சிஎன்ஆர்பி போட்டா புது எண். ஆறாம் வகுப்புக் கணக்கு! கம்ப்யூட்டர் இதைச் செய்யாதா? பழைய எண்ணும் ஒரு வருஷத்துக்கு மேல வேலை செஞ்சுதே! 2021 ஜூலை 1ல கதவைச் சாத்தினாங்க.

"முன்னாடியே அறிவிச்சோமே"ம்பாங்க. யாருக்கு? அறிவிப்பு போறது கணக்கு வச்சிருக்கிற அம்மாவுக்கு. பணம் அனுப்புற நான் அந்த வங்கிக்கு யாரோ! தப்பான இடத்துக்குப் பணம் போயிடக் கூடாதுங்கிறது நியாயமான பயம்தான். ஆனா ஒரு பழைய எண்ணுக்கு ஒரே புது எண்தான்னா, அங்க குழப்பத்துக்கு இடம் ஏது?

இது முடிஞ்ச கதையும் இல்லைங்க. சித்தூரைத் தலைமையிடமா வச்சிருந்த சப்தகிரி கிராமீண வங்கி, 2025 மே 1ல ஆந்திரப் பிரதேச கிராமீண வங்கிக்குள்ள போயிடுச்சு. இன்னும் எத்தனை வங்கி சேருமோ!

அதுவரைக்கும் நாமதான் உஷாரா இருக்கணும். அடுத்த தடவை ஊருக்குப் பேசும்போது பாஸ்புக்கைப் பார்த்து ஐஎஃப்எஸ்சியைப் படிக்கச் சொல்லுங்க. ஆனா பழியை நம்ம தலையில போட்டுக்காதீங்க. பேரை மாத்துற உரிமை அவங்களுக்கு இருக்குன்னா, பழைய பேரைத் தேடி வர்றவனுக்கு வழி காட்டுற கடமையும் அவங்களோடதுதான்.