ஐம்பது ரூபாய் ஊசி



புதன்கிழமை காலையில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒன்றரை மாதக் குழந்தையைத் தாய் மடியில் பிடித்துக்கொள்ள, செவிலியர் இடது தொடையில் 'பென்டா' ஊசி போடுவார். குழந்தை வீறிட்டு அழும். அட்டையில் தேதி ஏறும். அந்த அரை மில்லி மருந்துக்குள் ஐந்து நோய்களுக்கான தடுப்பு இருக்கிறது. அவற்றில் ஒன்று ஹெபடைடிஸ்-பி. கல்லீரலைச் சுருக்கி, புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடிய நோய் அது.

ஹெபடைடிஸ்-பி தடுப்பு மருந்துக்காக வைரஸை வளர்ப்பதில்லை. அதன் மேலுறைப் புரதத்துக்கான மரபணுவை மட்டும் எடுத்து ஈஸ்ட் செல்லுக்குள் சேர்க்கிறார்கள். எஃகுத் தொட்டியில் ஈஸ்ட் பெருகப் பெருக, அந்தப் புரதமும் சேர்ந்து பெருகும். அதைப் பிரித்தெடுத்துச் சுத்திகரித்தால் தடுப்பு மருந்து தயார். நோயைப் பரப்பக்கூடிய எதுவும் அதில் கிடையாது. உயிரித் தொழில்நுட்பம் என்ற பெரிய பெயருக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1990-களின் தொடக்கத்தில் இந்த ஊசி வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. ஒரு ஊசி 700 ரூபாய்க்கு மேல். நடுத்தரக் குடும்பமே யோசிக்கும் விலை. வரபிரசாத் ரெட்டி என்ற மின்னணுப் பொறியாளர் அந்தத் தொழில்நுட்பத்தை வாங்க முயன்று, வெளிநாட்டு நிறுவனம் கைவிரித்துவிட, நாமே செய்வோம் என்று 1993-இல் ஹைதராபாத்தில் சாந்தா பயோடெக்னிக்ஸைத் தொடங்கினார். ஓமனின் அப்போதைய வெளியுறவு அமைச்சர் யூசுப் பின் அலாவி பணம் போட்டார். அங்குள்ள சி.சி.எம்.பி. உயிரியல் ஆய்வுக்கூடம் இடம் தந்தது. 1997-இல் 'ஷான்வாக்-பி' சந்தைக்கு வந்தபோது அதன் விலை சுமார் 50 ரூபாய்!

பிறகு மற்ற இந்திய நிறுவனங்களும் களத்தில் இறங்க, அரசே வாங்கி இலவசமாகப் போடும் அளவுக்கு விலை இறங்கியது. 2011 டிசம்பரில் பென்டா ஊசியை அரசுத் திட்டத்தில் நாட்டிலேயே முதலில் போடத் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளாவும்.

விலை குறைந்தால் மட்டும் போதுமா? அதே சாந்தாவின் ஐந்து நோய்த் தடுப்பு மருந்துக் குப்பிகளில் வெண்படிவு ஒட்டியிருப்பது தெரியவர, 2010-இல் உலக சுகாதார நிறுவனம் தன் அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றது. அதை மீண்டும் பெற 2014 வரை ஆனது. இந்தக் கண்டிப்பு வேண்டும். பச்சைக் குழந்தையின் உடம்பில் ஏற்றும் மருந்தில் சமரசத்துக்கு இடமே இல்லை.

அரசு ஆலைகளின் நிலைதான் மனதை வருத்துகிறது. குன்னூர் பாஸ்டர் நிலையம், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், இமாசலப் பிரதேசத்தின் கசௌலி நிலையம் மூன்றின் உற்பத்தி உரிமமும் 2008-இல் தரக்காரணம் காட்டி நிறுத்திவைக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் அந்தத் தடை விலக்கப்பட்டது. செங்கல்பட்டில் பல நூறு கோடி ரூபாயில் எழுந்த தடுப்பூசி வளாகமோ, 2021-இல் ஊரே கொரோனா தடுப்பூசிக்கு அலைந்தபோதும் உற்பத்தி தொடங்காமல் கிடந்தது. தனியார் திறமையை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் லாபம் தராத மருந்தையும் யாராவது செய்தாக வேண்டும். அதற்கு அரசு ஆலைகள் ஓட வேண்டும்.

உயிரித் தொழில்நுட்பத்தில் இப்போது அடுத்த கட்டத்துக்கு வந்திருக்கிறோம். நோயாளியின் ரத்தத்திலிருந்தே டி-செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்களைப் பிரித்து, மரபணுவை மாற்றி, புற்றுநோயோடு போராடத் திரும்பச் செலுத்தும் சிகிச்சைக்கு 2023-இல் அனுமதி கிடைத்தது. மும்பை ஐ.ஐ.டி.யில் பிறந்தது இது. அமெரிக்காவில் 3 கோடி ரூபாய்க்கு மேல் ஆவது, இங்கே 50 லட்சத்துக்குள். வேலூர் சி.எம்.சி.யில் ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை தந்து, ரத்தக்கசிவு நின்ற விவரம் 2024-இல் வெளியானது. பெருமைதான். ஆனாலும் 50 லட்சம் எத்தனை வீடுகளுக்கு எட்டும்? 700 ரூபாயை 50 ஆக்கிய நாடு, இதையும் ஏழைக்கு எட்டவைத்தால்தான் இந்தத் துறை தன் வேலையை முடித்ததாக ஒப்புக்கொள்வேன்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ உறவிலோ பிரசவம் நெருங்குகிறதா? தாய்க்கு ஹெபடைடிஸ்-பி தொற்று இருந்தால் பிரசவத்தின்போதே குழந்தைக்கு வந்துவிடலாம். அதனால் பென்டாவுக்கு முன்பே, குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ்-பி ஊசி போட வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம். போட்டாயிற்றா என்று கேளுங்கள். அட்டையில் குறித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்